ஐந்து வருட விடுமுறையும் ஓர் அலுமாரிச் சாவியும்

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆசிரியர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ரத்மலானையில் இருக்கும் விமானப்படை நூதனசாலைக்குக் கூட்டிப் போனோம். நுகேகொடையில் இருக்கும் நமக்கு ரத்மலானை ஒரு தூரமே இல்லை. மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போது தலைக்கு மேலே சின்ன விமானம் போனால் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வருவார்கள், அவ்வளவுதான். ஆனால் பழைய விமானத்தைக் கிட்ட நின்று பார்ப்பது வேறு. பெண் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். பதினோராம் தரத்து மகன் ஒருவன் மட்டும் ஓர் ஹெலிகொப்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான். விமானப் பைத்தியம். பிறகு என்னிடம் வந்து கேட்டான்.

"டீச்சர், இத ஓட்டுற ஒராள உருவாக்க எவ்வளவு காசு செலவாகும்?"

"தெரியாது மகன். தேடிப் பாத்துச் சொல்றேன்."

"அவ்வளவு செலவழிச்ச பொறகு அவங்க விட்டுட்டுப் போனா?"

நான் பதில் சொல்ல முதல் அவனே சொன்னான். "நம்மட மெத்ஸ் டீச்சர் போன மாதிரி."

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடைசி வசனம்தான் காதில் இருந்தது.

வாக்குக் கொடுத்தபடி இரவு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் கணக்குப் போட்டிருக்கிறது. எஃப்-16 போர் விமானத்தின் விமானி ஒருவரை அடிப்படைத் தகுதிக்குக் கொண்டுவர 5.6 மில்லியன் டொலர். எஃப்-22க்கு 10.9 மில்லியன். சரக்கு ஏற்றும் சி-17 விமானிக்கு 1.1 மில்லியன். அடிப்படைத் தகுதிக்கு மட்டும்தான் இவ்வளவு. அதற்குப் பிறகு பத்து வருடம் பறந்து கைக்கு வரும் அனுபவம் இந்தக் கணக்கில் இல்லை.

அந்த அனுபவம் கைவந்த வயதில்தான் ஆட்கள் போகிறார்கள். முப்பது தாண்டும்போது பிள்ளை பிறக்கிறது, உம்மா வாப்பாவுக்கு நோய் வருகிறது, கணவனுக்கு ஓர் ஊரில் வேலை, மனைவிக்கு இன்னோர் ஊரில் வேலை. வெளியே பயணிகள் விமானக் கம்பனிகள் கூடுதல் சம்பளத்தோடு காத்திருக்கின்றன. 2017இல் அமெரிக்க விமானப்படைக்கு ஏறத்தாழ 2,000 விமானிகள் குறைவாக இருந்தார்கள். இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. அந்த வருடம், இருப்பவர்களைப் பிடித்து வைக்க வருடத்துக்கு 35,000 டொலர் வரை ஊக்கத்தொகை தருவதாகச் சொன்னார்கள்.

காசு ஒரு வழி. அவர்களிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. அதை வாசித்தபோதுதான் நான் எழும்பி உட்கார்ந்தேன். சேவையை விட்டு விலகாமல் மூன்று வருடம் வரை வெளியே போய்வரலாம். சட்டத்தில் இடம் கொடுத்தது 2009ஆம் நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம். முதலில் தொடங்கியது கடற்படை. விமானப்படை 2014இல் தொடங்கியது. போகிறவருக்கு மாதம் இரண்டு நாள் சம்பளம் அளவுக்கு ஒரு சிறு தொகை தருகிறார்கள். மருத்துவ வசதி குடும்பத்துக்கே தொடர்கிறது. அதற்குப் பதிலாக, வெளியே இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்பி வந்து இரண்டு மாதம் சேவை செய்ய வேண்டும். மூன்று வருடம் போனால் ஆறு வருடக் கடன். பதவி உயர்வுக் கணக்கில் அந்த இடைவெளியைக் கழித்து, திரும்பி வந்தவரைப் பின்னால் வந்த அணியோடு ஒப்பிடுகிறார்கள். தங்கி இருந்தவரோடு போட்டிக்கு விடுவதில்லை. பிரித்தானியாவும் 2018இல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து, 2019 ஏப்ரலில் இருந்து படையினர் சில காலம் குறைந்த நேரம் வேலை செய்ய வழி விட்டது.

எல்லாம் அப்படியே வெற்றி என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் தொடக்கத்தில் ஒவ்வொரு படைக்கும் வருடத்துக்கு 40 பேர் என்று எல்லை வைத்தார்கள். அந்த 40 இடமும் நிரம்பவில்லை. பிறகு அந்த எல்லையையே எடுத்துவிட்டார்கள். ஏன் நிரம்பவில்லை என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடமும் இப்படி ஒன்று இருந்தது, ஞாபகமா?

2022 ஜூன் 22ஆம் திகதி வந்த 14/2022 இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை. அரச ஊழியர் ஒருவர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம், உள்நாட்டிலும் வேறு வேலை செய்யலாம். சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை. அந்த மாதத்தை நுகேகொடை ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசி நாள் மிரிஹானையில் சனம் திரண்ட சத்தம் நம் வீட்டு ஜன்னல் வரை வந்தது. ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பாடசாலைக்கு வர பஸ் இல்லை. அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை லீவு. அந்த வெள்ளிக்கிழமைகளில் நான் நட்ட வெண்டிக்காய் இரண்டே இரண்டு காய் காய்த்தது. அது வேறு கதை.

அமெரிக்கரின் திட்டமும் நம் சுற்றறிக்கையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான். போ, வா, உன் இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று, பழகிய ஆளை இழக்கக்கூடாது என்று பிறந்தது. மற்றது, சம்பளச் செலவைக் குறைக்க வேண்டும், டொலர் வரவேண்டும் என்று பிறந்தது. நம் சுற்றறிக்கையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதனால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நோக்கம் அனுப்புவதாக இருந்தால், திரும்பக் கூட்டி வருவதைப் பற்றி யார் யோசிப்பது?

எங்கள் கணித டீச்சர் 2023 ஜனவரியில் மாலைதீவுக்குப் போனார். பெயர் வேண்டாம். எனக்கு அவர் ராத்தா. பதினான்கு வருட சேவை. நான் கல்வியியற் கல்லூரியில் இருந்து வெளியாகி முதல் நாள் கை நடுங்க நின்றபோது, "பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நிக்காதீங்க தங்கச்சி, பாதி எழுதிட்டுத் திரும்பிப் பாருங்க" என்று சொல்லித் தந்தவர். அந்த வருடத்து ஓ.எல் பரீட்சை பிந்திப் பிந்தி மே கடைசியில்தான் நடந்தது. அதற்கு நான்கு மாதம் இருக்க அவர் போனார்.

அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. வர முடியாது என்றார்கள். ஏனென்றால் அது வெற்றிடம் இல்லை. ஆள் இருக்கிறார், விடுமுறையில் இருக்கிறார். கடதாசியில் இருக்கிறார், வகுப்பில் இல்லை. நான் படித்தது விஞ்ஞானம். "நீங்களும் கணக்குப் போடுறவதானே" என்று பதினோராம் தரக் கணிதத்தை என் நேரசூசியில் சேர்த்தார்கள்.

போகும் நாள் ராத்தா தன் அலுமாரிச் சாவியையும் ஒரு சி.ஆர். கொப்பியையும் என் கையில் தந்தார். பாடத்திட்டமாக்கும் என்று நினைத்துத் திறந்தேன். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு வரி. ஒருத்திக்கு, அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் உள்ளே குறி மாற்ற மறப்பாள். ஒருவனுக்கு, கணக்குத் தெரியும், கேள்வியை வாசிக்கத்தான் தெரியாது, உரத்து வாசித்துக் காட்டினால் செய்வான். இன்னொருத்திக்கு, முன்னால் கூப்பிட வேண்டாம், அழுவாள், கொப்பியைப் பார்த்தால் போதும்.

கேள்வியை வாசிக்கத் தெரியாத அந்த மகனை இரண்டு வருடமாக நான் விஞ்ஞானத்தில் "கவனமில்லாதவன்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் புள்ளி குறைத்த கை இது.

எஃப்-22 விமானிக்கு 10.9 மில்லியன் டொலர் என்று கணக்குப் போட ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கொப்பிக்கு யார் கணக்குப் போட்டது? நாங்கள் யோசித்ததெல்லாம் இந்த மாதம் ஒரு சம்பளம் மிச்சம் என்பதைத்தான்.

சரி, உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் கோபம்தான் வந்தது. சுற்றறிக்கை மேல் இல்லை, ராத்தா மேல். ஸ்டாஃப் ரூமில் நானும் பேசினேன். "அவங்களுக்கென்ன, அங்க டொலர், இங்க மூப்பும் ஓடுது. வகுப்பச் சுமக்கிறது நாங்க." இந்தப் பேச்சு எத்தனை பாடசாலைகளில் நடந்திருக்கும் என்று உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குத் தெரியும். நான் சொன்னேனே ஓர் ஊகம் என்று. அமெரிக்காவில் அந்த 40 இடம் நிரம்பாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். போனவரைப் பற்றி இருப்பவர் என்ன பேசுவார் என்று போகிறவருக்குத் தெரியும். பதவி உயர்வில் அவரைப் பின் அணியோடு சேர்ப்பது முதலில் எனக்குத் தண்டனை போலத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. தங்கியவருக்கும் ஒரு நியாயம், போனவர் திரும்பி வந்து முகம் பார்த்துப் பேசவும் ஒரு வழி. மூப்பு முழுக்க ஓடட்டும் என்று எழுதிய நம் சுற்றறிக்கை பார்வைக்குத் தாராளம். அந்தத் தாராளத்தின் விலையை ஸ்டாஃப் ரூமில் மீதி இருப்பவர்கள்தான் கட்டினார்கள்.

எனக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை இருந்ததா என்பது வேறு விடயம். என் இளையவன் பிறந்தபோது நானும் போனவள்தான். முழுச் சம்பளத்தோடு 84 நாள், அரைச் சம்பளத்தோடு 84 நாள், சம்பளம் இல்லாமல் 84 நாள், மூன்றையும் எடுத்தேன். சட்டம் தரும் உரிமை. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்த நாள் நேரசூசியைப் பார்த்தேன். என் பெயர் இருந்த கட்டங்களில் வெள்ளை மை பூசி வேறு பெயர் எழுதியிருந்தது. எந்த வகுப்பு எனக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "இருங்க டீச்சர், பாத்துச் சொல்றோம்" என்றார்கள். மூன்று நாள் ஒரு கதிரையில் இருந்து ரிலீவ் பீரியட் பார்த்தேன். வேலை போகவில்லை, சம்பளம் வந்தது. ஆனாலும் அந்த மூன்று நாளில்தான் வேலையை விட்டுவிடுவோமா என்று முதன்முதலாக யோசித்தேன். விடுமுறையில் இருந்த மாதங்களில் ஒருநாளும் அப்படி யோசிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் எங்கள் பாடசாலையில் நடந்திருக்கிறது. மூத்த டீச்சர் ஒருவரின் கணவர் திடீரென வபாத்தானார். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. அரச சேவையில் அதற்கு விசேட விடுமுறை இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் எங்களுக்கு ஒருவரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. நாங்களாகவே இரண்டு பேர் இரண்டு பேராக வாரத்துக்கொரு தடவை அவர் வீட்டுக்குப் போனோம். முதலில் அழுதார், பிறகு கேட்டார், "எட்டாம் வகுப்பு எங்க நிக்குது?" அடுத்த வாரம் நாங்கள் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைக் கொண்டுபோனோம். பாடத்தில் அவர் மனம் போனது. இத்தா முடிந்து வந்த நாள் பிள்ளைகள் வெண்பலகையில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அவர் நேரே வகுப்புக்குத்தான் போனார். கதிரையில் இருத்தி வைக்கவில்லை. அறுபது வயது வரை படிப்பித்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

ஒரு வகையில் இடைவெளி என்பது நமக்குப் புதிய யோசனை இல்லை. போனவரின் இடத்தைப் பிடித்து வைக்கவும், இடையில் கதவைத் தட்டவும் நம் பெண்களுக்குத் தெரியும். மையித்து வீட்டுக்குச் செய்யத் தெரிந்ததை மாலைதீவுக்குப் போனவருக்குச் செய்யத் தெரியாமல் போனதுதான் என் வெட்கம். அவர் போன முதல் ஒன்றரை வருடத்தில் பெருநாளுக்குப் பெருநாள் ஒரு வாழ்த்துப் படம் அனுப்பியதைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை.

விமானிகள் விடயத்தில் ஒன்று தெளிவு. மூன்று வருடம் பறக்காதவரை நேரே விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மறுபடி பயிற்சி, பக்கத்தில் ஒருவர், சோதனை, பிறகுதான் தனியாக. அவர் திறமை குறைந்தவர் என்று அதற்கு அர்த்தமில்லை. கைக்கு ஞாபகம் வர நேரம் எடுக்கும். ஐந்து வருடம் வேறொரு நாட்டின் பாடத்திட்டத்தைப் படிப்பித்த ஆசிரியர் இங்கே வந்தால், இங்கே புத்தகம் மாறியிருக்கும், அதிபர் மாறியிருப்பார், அவர் விட்டுப்போன ஆறாம் வகுப்புப் பிள்ளை ஓ.எல் முடித்திருக்கும். இரண்டு கிழமை இன்னொருவரின் வகுப்பில் பின்னால் இருந்து பார்க்க விட்டால் என்ன? அதற்குப் பெரிய காசு வேண்டாம். ஒரு கதிரை போதும். ஆனால் அது வகுப்புக்குள்ளே போட்ட கதிரையாக இருக்க வேண்டும்.

2022 நடுப்பகுதியில் ஐந்து வருடத்துக்குப் போனவர்களுக்கு 2027இல் தவணை முடிகிறது. ராத்தாவுக்கு 2028 ஜனவரி. இதை எழுதக் காரணமே அதுதான்.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மேசை லாச்சியிலும் நிரப்பிய ஒரு படிவம் கிடக்கிறது. இவர் கட்டாருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பிறகு கோல் எடுத்து, எல்லாம் பேசி முடிந்து வைக்கும்போது, "எப்ப வாறீங்க?" என்பார். பிள்ளைகள் இரண்டும் ஃபோனைப் பறித்துக்கொண்டு ஓடும். நான் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. போனால் பதினோராம் தரம் யாருக்கு என்ற கேள்வி ஒரு பக்கம். மற்றப் பக்கத்தில் இருப்பது அவ்வளவு பெருமையான கேள்வி இல்லை. நான் ராத்தாவைப் பேசியதுபோல என்னையும் பேசுவார்களே.

நூதனசாலைக்குப் போய் வந்த அந்தக் கிழமையே ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன். அந்த மகன் கேட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் வெட்டிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அவன் இப்ப பதினொண்டா?" என்று கேட்டார். "வகுத்தல்ல பூச்சியத்த விட்டுட்டுப் போவான். இன்னும் விடுறானா?"

"விடுறான் ராத்தா."

சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, நான் வந்தா எனக்கு அங்க இடமிருக்குமா?"

இருக்கிறது, சுற்றறிக்கை அப்படித்தான் சொல்கிறது என்று வாய் வரை வந்தது. அவர் கேட்டது அதை இல்லை. நான் அழுதுவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் பேசியதையும் சொன்னேன். "தெரியும்" என்றார். "யாரோ சொன்னாங்க. நானும் உங்கட இடத்துல இருந்தா அதத்தான் பேசியிருப்பேன். நீங்க அந்தக் கொப்பிய என்ன செஞ்சீங்க?"

கொப்பியை நான் தொடர்ந்து எழுதுகிறேன். அது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்தது. ராத்தாவின் பட்டியல் முடிந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்து என் கையெழுத்து. இப்போது நான்காவது அணி ஓடுகிறது. அன்றிரவே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இப்போது சனிக்கிழமைகளில் இரவு ஒன்பது மணிக்கு, அங்கே இணையம் சரியாக இருந்தால், பின்தங்கிய ஆறு பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் கணக்குச் சொல்லித் தருகிறார். அந்த விமானப் பைத்தியமும் அதில் ஒருவன். அதிபரிடம் சொன்னேன். எழுத்தில் எதுவும் தரவில்லை, "செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். அதுவே போதும்.

உங்கள் பாடசாலையிலும் இப்படிப் போனவர் இருந்தால், இன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள். வாழ்த்துப் படம் வேண்டாம். அவர் படிப்பித்த பிள்ளை ஒன்றைப் பற்றி எழுதுங்கள். பெற்றோர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், 2027இலும் 2028இலும் யார் யார் வரவேண்டியிருக்கிறது, அவர்களை எந்த வகுப்பில் போடப் போகிறீர்கள் என்று இப்போதே கேளுங்கள். கேட்காவிட்டால் அன்றைக்கும் வெள்ளை மைதான்.

அலுமாரிச் சாவி இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. போன கிழமை ராத்தாவிடம் இருந்து ஒரு மெசேஜ்: "2028ல 11க்கு வாற பிள்ளைகள் இப்ப எத்தனையாம் வகுப்பு? எத்தனை பேர்?"

அடுத்த நாள் காலை கூட்டம் முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் இடாப்பைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அனுப்பினேன்.

"பேரையும் அனுப்புங்க" என்றார்.